ஆயிரம் சொல் தெரிந்தும் தடுமாறிய மாணவி: எஸ்.ஏ.டி. தேர்வுக்கான ஆங்கிலச் சொல்வளம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பிய மாணவி ஒருவர், எஸ்.ஏ.டி. தேர்வை ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டாம் முறைக்குத் தயாராக என்னிடம் வந்தார். பதினோராம் வகுப்பு முடியும் தறுவாய். கணிதத்தில் அவருக்குச் சிக்கல் ஏதும் இல்லை. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில்தான் 800-க்கு 560 எடுத்திருந்தார். மனத்தில் வைத்திருந்த கல்லூரிகளுக்கு இது போதாது என்பது அவருக்கும் வீட்டாருக்கும் தெரியும். வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்தில்.

அவர் ஒரு தடித்த சொற்பட்டியல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் இதே தேர்வை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய பெரியப்பா மகள் கொடுத்தது. அகர வரிசையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள். அதில் ஆயிரத்துக்கு மேல் முடித்து, ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் தாண்டியிருந்தார். மேலோட்டமாகப் புரட்டிய படிப்பு அல்ல. எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் பொருள் சொன்னார். இவ்வளவு உழைத்த பிள்ளைக்கு 560 தான் வருகிறது என்றால், சிக்கல் உழைப்பில் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது வந்த காலத்துத் தேர்வு வேறு. எதிர்ச்சொல் கேள்விகள் 1994 வரை இருந்தன. ‘இதற்கு அது என்றால் அதற்கு எது’ என்ற வகை ஒப்புமைக் கேள்விகள் 2005-ல்தான் எடுக்கப்பட்டன. தனி வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் 2016 மார்ச்சில் தேர்வு மாற்றி அமைக்கப்படும் வரை நீடித்தன. அந்தத் தேர்வில் அரிய சொல்லின் பொருள் தெரிந்தாலே மதிப்பெண். அக்காவுக்குப் பட்டியல் கைகொடுத்ததில் வியப்பில்லை.

இன்றைய தேர்வு கணினி வழியில் நடக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும், அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் இந்த முறை வந்தது. வாசிப்பு, எழுத்துப் பகுதியில் இரண்டு மாட்யூல்கள், அதாவது தனித்தனி நேரம் கொண்ட இரண்டு பாகங்கள். ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 32 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக 25 முதல் 150 சொல் வரையிலான சிறு பத்தி. முதல் மாட்யூலில் செய்வதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் எளிதாகவோ கடினமாகவோ அமையும். ஒவ்வொரு மாட்யூலும் சொல் பற்றிய கேள்விகளோடுதான் தொடங்குகிறது: பத்தியில் ஒரு கோடிட்ட இடம், கீழே நான்கு சொற்கள், தர்க்கத்துக்கும் நுட்பத்துக்கும் பொருந்துவது எது என்பதே கேள்வி. சில சமயம் கோடு இருக்காது. பத்தியில் உள்ள ஒரு சொல் அங்கே என்ன பொருளில் வருகிறது என்று கேட்பார்கள்.

முதலில் கவனித்தவை

தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதச் சொன்னேன். உண்மையான தேர்வின் மதிப்பெண் அறிக்கையில் எந்தக் கேள்வி தவறு என்று காட்ட மாட்டார்கள். நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் எப்படிச் செய்தார் என்ற பட்டை அளவு மட்டுமே இருக்கும். மாதிரித் தேர்வில் ஒவ்வொரு கேள்வியையும் விடையையும் திரும்பப் பார்க்கலாம். நோய் பிடிபட வேண்டுமானால் அதுதான் வழி.

எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். பத்தியின் முதல் வரியைப் படிப்பார். உடனே கண் நான்கு விடைகளுக்குத் தாவும். தெரிந்த சொல் ஏதாவது இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதன் பொருளை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பார்; பிறகு பத்திக்குத் திரும்பி, அந்தப் பொருள் உட்காருமா என்று பார்ப்பார். பெரும்பாலும் உட்காரவைத்துவிடுவார். பட்டியலில் படித்த சொல் விடைகளில் இருந்தால் அதன் பக்கம் சாய்வு அதிகம். அத்தனை நாள் படித்ததற்குப் பலன் கிடைக்கும் இடம் இது என்று மனம் நினைப்பது இயல்புதான்.

தேர்வு முடிந்ததும் தவறான சொல் கேள்விகளையும், சரியாக வந்தாலும் ‘குத்துமதிப்பாகப் போட்டது’ என்று அவர் சொன்னவற்றையும் தனியே எடுத்தோம். பழைய பயிற்சித் தாள்களில் இருந்தும் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று அவரையே சொல்ல வைத்து, மூன்று குவியலாகப் பிரித்தோம்.

முதல் குவியல், சொல்லே தெரியாதவை. அப்பாவும் மாணவியும் இதுதான் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றில் சிறியது இதுதான்.

இரண்டாவது, சொல் தெரியும், ஆனால் பத்தியின் போக்கைப் பிடிக்காமல் விட்டவை. ‘ஹவ்எவர்’, ‘தோ’, ‘ஃபார் ஃப்ரம்’ போன்ற திருப்பங்களைக் கண் தாண்டிப் போயிருந்தது.

மூன்றாவது குவியல்தான் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. தெரியும் என்று நினைத்த, ஆனால் பாதி மட்டுமே தெரிந்த சொற்கள். ‘குவாலிஃபை’, ‘நாவல்’, ‘சாம்பியன்’, ‘டெம்பர்’, ‘கரன்சி’, ‘அரெஸ்ட்’, ‘சாங்க்‌ஷன்’, ‘எகானமி’. எதுவும் கடினமான சொல் இல்லை. எதுவும் அவருடைய பட்டியலில் இல்லை. எல்லாமே நாம் தமிழில் பேசும்போதே புழங்குகிற சொற்கள், அதில்தான் சிக்கலும் இருந்தது. தமிழ்ப் பேச்சுக்குள் வந்த ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே ஒரு பொருளோடுதான் வந்து சேர்கிறது. சாங்க்‌ஷன் என்றால் கடன் கிடைத்துவிட்டது. ஒரு நாட்டின் மீது விதிக்கும் தடையும் அதே சொல் என்பது பத்தியைப் படிக்கும்போது தோன்றாது. கரன்சி என்றால் பணம். ஒரு கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருப்பதையும் அந்தச் சொல்லால் சொல்வார்கள். டெம்பர் என்றால் கோபம். ஒன்றின் கடுமையைத் தணிப்பது என்ற வினைப் பொருள் அவருக்குப் புதிது. நாவல் என்றால் கதைப்புத்தகம். ‘புதுமையான’ என்று உரிச்சொல்லாக வரும்போது அந்த விடையை யோசிக்காமலே அடித்துவிட்டார்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் எவரும் இந்தக் குவியலைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன். தெரியாத சொல்லைக் கண்டால் மாணவர் எச்சரிக்கையாகிறார். பாதி தெரிந்த சொல் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

ஒரு கேள்வி, கிட்டத்தில்

இரண்டாவது, மூன்றாவது குவியல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று பார்க்க, தேர்வு பாணியில் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் சாரம் இது: காட்டு மரங்கள் வேர்ப் பூஞ்சைகளின் வழியாகச் சத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற கூற்றை ஒரு தாவரவியலாளர் ஆராய்கிறார். ஆய்வகத்தில் இது நடப்பதற்குச் சான்று உண்டு என்கிறார். காட்டில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதற்கு இப்போதைய சான்று போதாது என்றும் சொல்கிறார். ஆகவே அவர் அந்தக் கூற்றை என்ன செய்கிறார்? விடைகள்: சாம்பியன்ஸ், டிபங்க்ஸ், குவாலிஃபைஸ், ஆன்டிசிபேட்ஸ்.

மாணவி ‘டிபங்க்ஸ்’ என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

“ஏன்மா?”

“அவர் ஒத்துக்கலையே மிஸ். டிபங்க்னா பொய்யின்னு நிரூபிக்கிறது. குவாலிஃபைன்னா தகுதி, அது இங்க வராது. சாம்பியன்னா ஜெயிச்சவங்க.”

“எதை ஒத்துக்கலை?”

திரும்பப் படித்தார். “காட்டுல நடக்குதுங்கிறதுக்கு ஆதாரம் பத்தலைங்கிறார்.” சற்று நிறுத்தி, “லேப்ல நடக்குதுன்னு ஒத்துக்கிறார்.”

விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் உன் சொல் என்ன போடுவாய், தமிழிலேயே சொல் என்றேன்.

“‘ஆமா, ஆனா...’ன்னு இழுக்கிறார்.”

விடை கிடைத்துவிட்டது. அதற்குரிய ஆங்கிலச் சொல்தான் அவரிடம் இல்லை. ஒரு கூற்றை முழுதாக ஏற்காமலும் மறுக்காமலும், ‘இந்த அளவுக்கு மட்டும்’ என்று வரம்பிட்டுச் சொல்வதற்குத்தான் ‘குவாலிஃபை’ என்று பெயர் என்றதும், முகத்தில் வந்த தெளிவு எந்தப் பட்டியலாலும் வந்ததில்லை. பத்தியின் தர்க்கத்தை அவர் பிடித்துவிட்டார், அதுவும் ஆங்கிலப் பத்தியைத் தமிழில் யோசித்துப் பிடித்தார். இதைப் பயிற்சியின் மையமாக வைக்கலாம் என்று அன்றே தோன்றியது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

பட்டியலை நிறுத்தினோம். ‘ஈ’ வரை வந்த பிறகு நிறுத்துவது அவருக்கு வலித்தது. ஆனால் அகர வரிசை எந்தச் சொல் அடிக்கடி வரும், எது வராது என்று பார்ப்பதில்லை. அரிய சொல்லுக்கும் அன்றாடக் கல்விச் சொல்லுக்கும் ஒரே இடம். படித்ததை வீணாக்க வேண்டாம் என்பதற்காக, இதுவரை படித்தவற்றில் எந்தச் சொல்லாவது பத்தியில் எதிர்ப்பட்டால் அதை அட்டையில் ஏற்றலாம் என்று வைத்தோம். எதிர்ப்படாதவை அப்படியே கிடக்கட்டும்.

புதுச் சொற்கள் வாசிப்பில் இருந்து வரவேண்டும் என்பது அடுத்த முடிவு. தேர்வின் பத்திகள் இலக்கியம், வரலாறும் சமூக அறிவியலும், கலைகள், அறிவியல் என நான்கு வட்டாரங்களில் இருந்து வருகின்றன. நாளுக்கு ஒன்றாக இந்த நான்கிலும் மாறி மாறிச் சிறு கட்டுரைகளைப் படிக்கச் சொன்னேன். தெரியாத எல்லாச் சொல்லையும் குறிக்கக் கூடாது. அந்தச் சொல் புரியாமல் வாக்கியமே புரியவில்லை என்றாலோ, அதே சொல் இரண்டாம் முறை வந்தாலோ மட்டும் குறிக்கலாம். நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஐம்பது சேர்த்தால் இரண்டே வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியவை மலையாகக் குவிந்து, பயிற்சியே நின்றுவிடும்.

அட்டைகளை எப்படி எழுதுவது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். முன்பக்கம் தனிச் சொல் இருக்காது. சொல் வந்த வாக்கியம், அந்த இடத்தில் ஒரு கோடு. பின்பக்கம் சொல், எளிய ஆங்கிலத்தில் பொருள், பாராட்டா பழிப்பா நடுநிலையா என்பதற்கு ஒரு குறி, அது வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்று ஒன்றிரண்டு. குறி போடும் பழக்கத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ‘திரிஃப்டி’யும் ‘மைசர்லி’யும் பணத்தை இறுக்கிப் பிடிப்பதுதான், ஒன்று சிக்கனம், மற்றொன்று கஞ்சத்தனம். தேர்வு இந்த இடைவெளியைத்தான் கேட்கிறது.

திருப்பிப் பார்ப்பதற்கு ஐந்து பெட்டி முறை. ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பியது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அங்கே திருப்பிப் பார்க்கும் இடைவெளி அதிகம். தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். கோட்டைப் பார்த்துச் சொல்லை நினைவில் இருந்து வரவழைக்க வேண்டும், பின்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. மீண்டும் மீண்டும் படிப்பதைவிட நினைவில் இருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிலைக்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது மறுவாசிப்புதான் அதிகம் ஏறுவதுபோலத் தெரியும். அந்த நிறைவை நம்பித்தான் இந்த மாணவியும் பட்டியலோடு அத்தனை நாள் ஓட்டினார்.

லத்தீன் வேர்ச்சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு அதில் ஆர்வம் இருந்தது. ‘பெனெ’ என்றால் நல்லது, ‘மால்’ என்றால் கெட்டது, ‘லோக்’ என்றால் பேச்சு என்று நிறைய வைத்திருந்தார். அது நல்ல துணை. ஆனால் அதை மட்டும் நம்பி ‘எனர்வேட்’ என்பதற்குத் தெம்பூட்டுவது என்றும், ‘நாய்சம்’ என்பதற்குச் சத்தமானது என்றும் பொருள் கொண்டிருந்தார். முன்னதன் பொருள் தெம்பை உறிஞ்சுவது, பின்னது நாற்றமும் தீங்கும் உடையது. ஆகவே வேர்ச்சொல்லில் இருந்து ஊகித்ததை வாக்கியத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

கடைசியாக, விடைகளை மறைத்துக்கொண்டு தன் சொல்லை முதலில் போடுவது. தமிழ் தாராளமாக வரலாம். இதில் அவர் காட்டிய வேகம் மகிழ்ச்சி தந்தது. ஓர் அரசியல்வாதியின் அறிக்கை பற்றிய பத்திக்கு “பட்டும் படாம பேசுறார்” என்றார். விடையில் ‘ஈக்விவோக்கல்’ இருந்தது. வேறொன்றுக்கு “தட்டிக்கழிக்கிறாங்க”; விடை ‘ஈவேட்’. அவருடைய தமிழ் வளமானது. ஆங்கிலத் தேர்வுக்கு அதை வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்று யாரோ பழக்கிவிட்டிருந்தார்கள்.

அப்பாவின் கவலை

சில வாரங்களுக்குப் பிறகு அப்பா பேச வந்தார். “மேடம், அண்ணன் பொண்ணு அந்தப் புத்தகம் படிச்சுத்தான் மார்க் வாங்கினா. இவ இப்போ நாளைக்கு எட்டு வார்த்தைங்கிறா. தேர்வுக்குள்ள எவ்வளவு முடியும்?”

நியாயமான கேள்வி. மகள் மீது அக்கறை உள்ள யாரும் கேட்பதுதான். தேர்வு மாறிய கதையைச் சொன்னேன். குவியல்களை அவர் முன்னால் வைத்து, எந்தத் தவறு எதனால் என்று மகளையே விளக்கச் சொன்னேன். அவர் ஓரளவு ஏற்றார், முழுதாக இல்லை. வாசிப்பில் தற்செயலாக எதிர்ப்படுவதை மட்டும் நம்பினால் முக்கியமானவை விட்டுப்போகாதா என்ற கேள்வியை அவர் விடவில்லை.

அந்தக் கேள்வியால் திட்டம் மேம்பட்டது. மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலைச் சேர்த்தோம். பல துறைக் கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, மிகப் பொதுவான 2000 சொற்குடும்பங்களுக்கு (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அப்பால், எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்த பட்டியல் அது. மனப்பாடம் செய்ய அல்ல, சோதித்துப் பார்க்க. ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் ‘தெரியும்’, பொருள் சொல்லி, வாக்கியத்தில் தடுமாறினால் ‘பாதி’, இல்லையேல் ‘தெரியாது’. முடித்தபோது ‘தெரியாது’ என்று மிகச் சிலவே விழுந்தன. ‘பாதி’ நீண்டுகொண்டே போனது. ‘இம்ப்ளிசிட்’, ‘ஆர்பிட்ரரி’, ‘காம்ப்ளிமென்ட்’, ‘அண்டர்லை’ எல்லாம் அங்கே இருந்தன. அப்பா அதைப் பார்த்த பிறகு பழைய புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை.

நடுவில் வந்த சரிவு

அடுத்த முழு மாதிரித் தேர்வில் மதிப்பெண் 540-க்கு இறங்கியது. மாணவி அழுதார்.

விடைத்தாளைப் பார்த்தால் சொல் கேள்விகளில் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. இழப்பு மாட்யூலின் வால் பகுதியில். மாணவர் எடுத்த குறிப்புகளைத் தந்து ஒரு நோக்கத்துக்கு ஏற்றபடி சேர்த்து எழுதும் கேள்விகள் அங்கே வரும். அவர் வழக்கமாகத் தவறவிடாத வகை. இம்முறை அவற்றைத் தொடவே நேரம் இல்லை. கணக்கு எளிது: 32 நிமிடத்தில் 27 கேள்வி என்றால் ஒன்றுக்குச் சுமார் 71 விநாடி. விடைகளை மறைப்பது, தமிழில் சொல் தேடுவது, பிறகு நான்கோடும் ஒப்பிடுவது என்று முதல் சில கேள்விகளிலேயே நிமிடங்கள் கரைந்திருந்தன.

முறையைக் கைவிடுவதா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். புதிதாகப் பழகும் எதுவும் முதலில் மெதுவாகத்தான் இருக்கும். சரியாக வரத் தொடங்கியதை வேகப்படுத்தலாம், வேகமாகத் தவறுவதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாற்றங்கள் செய்தோம். தன் சொல்லைப் போடும் பழக்கத்தை, முதல் வாசிப்பிலேயே விடை பளிச்சென்று தெரியாத கேள்விகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அடுத்து, சொல் கேள்விகளை மட்டும் தொகுத்து, கடிகாரம் வைத்துச் சிறு சிறு கட்டுகளாகப் பயில்வது. இரண்டு விடைகளுக்கு நடுவில் இழுபறி என்றால் ஒன்றைத் தொட்டு, மறுபார்வைக்குக் குறியிட்டு நகர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது 2016-லேயே நின்றுவிட்டதால் எதையும் காலியாக விடத் தேவையில்லை.

இதே நேரத்தில் பள்ளித் தேர்வு வந்து, அட்டைப் பெட்டிகள் பல நாள் தொடப்படாமல் கிடந்தன. திரும்பி வந்தபோது முதல் பெட்டி வழிந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் புதியவை என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நான் அட்டைகளைக் கழிக்கச் சொன்னேன். நான்கைந்து முறை தவறியும் வேறெந்தப் பத்தியிலும் தலைகாட்டாத சொற்கள் குப்பைக்குப் போயின. ஒரு சொல்லை விடுவதற்கும் துணிவு வேண்டும். தேர்வு நெருங்கும்போது அந்தத் துணிவு மாணவருக்குத் தானாக வராது, பக்கத்தில் இருப்பவர்தான் தர வேண்டும்.

தேர்வும் பின்னர் நடந்ததும்

இரண்டாம் முறை வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 640 கிடைத்தது. அறிக்கையில் சொல், பத்தியின் அமைப்பு ஆகியவற்றைச் சோதிக்கும் பிரிவின் பட்டை முன்பைவிட நன்கு நீண்டிருந்தது. 54 கேள்விகளில் 13 முதல் 15 வரை இந்தப் பிரிவில் இருந்துதான் வருகின்றன.

80 மதிப்பெண் உயர்வை முழுக்கச் சொல்வளத்தின் கணக்கில் எழுத முடியாது. நேரத்தைக் கையாண்டது ஒரு பங்கு. நிறுத்தற்குறி, வாக்கிய இணைப்பு போன்ற இலக்கணக் கேள்விகளைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியே பார்த்துக்கொண்டார். அதுவும் ஒரு பங்கு. மாதிரித் தேர்வுகளை வைத்துச் சொல்வதானால், பாதி தெரிந்த சொற்களால் வந்த தவறுகள் மிகவும் குறைந்தன. திருப்பச் சொற்களைத் தவறவிடுவது ஏறக்குறைய நின்றது. முற்றிலும் தெரியாத சொல் வந்தபோது முன்போலவே சில சமயம் சரியாகவும் சில சமயம் தவறாகவும் போனது.

மாறாதது இலக்கியப் பத்தி. பழைய புதினங்களிலும் கவிதைகளிலும் இருந்து எடுத்த பத்திகளில் தொடர்ந்து தடுமாறினார். அங்கே சொற்கள் இன்றைய பொருளில் வருவதில்லை, வாக்கியங்கள் நீண்டு சுற்றி வருகின்றன, ‘ஆமா, ஆனா’ என்று ஒரே வரியில் சாரம் பிடிக்கவும் முடிவதில்லை. கட்டுரைகளில் பழகிய முறை அங்கே பாதி தூரம்தான் வந்தது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. விண்ணப்பக் கட்டுரையின் பழைய வரைவில் ‘பிளெத்தொரா’, ‘எஃபல்ஜென்ட்’ போன்ற சொற்கள் நிறைந்திருந்தன. தேர்வுக்குப் பிறகு அவரே அதை எடுத்து, யாரும் சொல்லாமலே, பாதியை அடித்துவிட்டு எளிய சொற்களில் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் தொனி உண்டு என்று அட்டையில் குறியிட்டுப் பழகிய கை, தன் எழுத்திலும் அதைப் பார்த்திருக்கிறது. மதிப்பெண்ணைவிட இது எனக்கு நிறைவு தந்தது.

அடுத்த மாணவருக்கு மாற்றுபவை

காக்ஸ்ஹெட் பட்டியல் சோதனை முதல் வாரத்துக்கு வருகிறது. பாதி தெரிந்த சொற்கள் எவை என்று தொடக்கத்திலேயே தெரிந்தால் வாசிப்பில் அவற்றைத் தேடிப் பிடிக்கலாம். தமிழ்ப் பேச்சில் ஒற்றைப் பொருளோடு புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தனியாக ஒரு தொகுப்பு வளர்த்துவருகிறேன். ‘டென்டர்’, ‘யீல்ட்’, ‘கிரேவ்’ என்று ஒவ்வொரு மாணவரும் சில சொற்களைச் சேர்க்கிறார்கள்.

கடிகாரப் பயிற்சி, முறை கொஞ்சம் பிடிபட்டதுமே சிறு அளவில் தொடங்கும். முழு மாதிரித் தேர்வு வரை காத்திருக்காது.

உச்சரிப்பும் சேர்கிறது. இந்த மாணவி நிறையச் சொற்களைக் கண்ணால் மட்டுமே அறிந்திருந்தார். ‘இன்ஜீனியஸ்’ என்பதையும் ‘இன்ஜெனுவஸ்’ என்பதையும் எழுத்துருவம் ஒன்றுபோல இருந்ததால் மாற்றி மாற்றிப் பிடித்தார். முன்னது சாமர்த்தியம், பின்னது கள்ளமின்மை. வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிறகே பிரிந்தன. இனி ஒவ்வொரு அட்டையையும் எழுதும் அன்றே மின்னகராதியில் ஒலியைக் கேட்டு, வாக்கியத்தோடு உரக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டாரோடு பேசுவது முதல் வாரத்திலேயே நடக்கும், அதுவும் மாணவரின் தவறுக் குவியல்களை மேசையில் வைத்துக்கொண்டு. தேர்வு மாறிவிட்டது என்று வாயால் சொல்வதைவிட அது எளிதில் புரிகிறது.

இலக்கியப் பத்திகளுக்கு வேறு வழி தேவை. இப்போது 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களில் இருந்து சிறு பகுதிகளை எடுத்து, சொல்லைத் தொடும் முன் யார் பேசுகிறார், யாரிடம், என்ன மனநிலையில் என்ற மூன்றையும் தமிழில் சொல்ல வைத்துப் பார்க்கிறேன். இந்த மாணவி கல்லூரி தொடங்கும் முன் கிடைத்த விடுமுறையில் அந்தப் பயிற்சிக்குத் தானே முன்வந்து உட்கார்ந்திருக்கிறார். மதிப்பெண் எதுவும் இனி அவருக்குத் தேவையில்லை. அந்தப் பக்கங்கள் புரிய வேண்டும் என்கிறார்.